md;Gs;s நஜீருக்கு

முகப்பேர் மேற்கு
3 மார்ச் 2025

திரு. நஜீர் அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கைபேசியில் என் எண் தடுக்கப்பட்டு எட்டு வருடம் ஆகிறது. தடுக்காமல் இருந்தாலும் பயனில்லை. என் காது இப்போது பாதிதான் கேட்கிறது. போனில் எல்லோரும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. போன வாரம் பூந்தமல்லியில் உங்கள் கடைக்கே வந்தேன். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பக்கத்துத் தையற்கடைக்காரர் உங்கள் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தார். நேரே வந்திருப்பேன். "இனிமே உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன் சார்" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. கடிதத்துக்கு முகம் இல்லை அல்லவா?

விஷயம் இதுதான். நான் அம்பத்தூரில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தபோது, 2004இல், நாம் இருவரும் சேர்ந்து இரத்ததானம் செய்பவர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முகாம்களில் நான் படிவங்களை வாங்கி வருவேன். நீங்கள் உங்கள் கடைக் கணினியில் அவற்றை அடித்து ஏற்றுவீர்கள். ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் இருக்கும். படிவங்கள் எல்லாம் 2015 வெள்ளத்தில் கூழாகிவிட்டன. எஞ்சியிருப்பது தளம் மட்டுமே.

அதை இப்போது திறக்க முடியவில்லை. முகவரியைக் கொடுத்தால் பக்கம் வருகிறது. ஆனால் தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இரத்த வகையைக் கொடுத்துத் தேடும் பெட்டி இருந்ததே, அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். அதைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. தெரிந்தவர்களிடம் காட்டினேன். "இது பழைய சாஃப்ட்வேர் அங்கிள், இப்ப இருக்கிற பிரவுசர் எதுலயும் ஓடாது" என்கிறார்கள். திருநின்றவூர் ரயில் நிலையத்தில் முன்பு நடைமேடை தாழ்வாக இருக்கும். ரயில் வந்து நிற்கும், கதவும் திறந்திருக்கும், ஆனால் வயதானவர்களால் ஏற முடியாது. அப்படித்தான் நான் நிற்கிறேன்.

அந்தப் பட்டியலை எப்படியாவது எடுத்துத் தர முடியுமா? ஒரு பொதுக் காரியத்துக்காகக் கேட்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம்.

இப்படிக்கு
சூ. செபாஸ்டியன்


பூந்தமல்லி
7 மார்ச் 2025

செபாஸ்டியன் சார் அவர்களுக்கு,

நோன்பு மாதம். கோபத்தோடு எழுதக் கூடாது என்று உங்கள் உறையை இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்த பிறகும் கோபம் வந்தது.

கடையை 2019இல் மூடிவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் இரும்புக்கடைக்குப் போய்விட்டது. அதில் இருந்தவையும் அதோடு போயின.

நீங்கள் கேட்க வேண்டிய இடம் நான் இல்லை சார். வேலப்பன்சாவடியில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் புதிய தளம் செய்து தருவதாகச் சொன்னார்கள் அல்லவா? 2017இல் அவர்களை மேடையில் உட்கார வைத்து மாலை போட்டீர்கள். நான் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "பழைய தளத்தை ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் செய்தார், அது அப்படித்தான் இருக்கும்" என்று மைக்கில் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஷாகிதாவும், யாரைச் சொல்கிறீர்கள் என்று புரியாமல் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அவளுக்குப் புரிந்தது. வேலைக்கு நாவலூர் போனவர்கள், பெங்களூர் போனவர்கள் போக அந்த ஆறு பேரில் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

பதின்மூன்று வருடம் ஒவ்வொரு பெயரையும் என் விரலால் அடித்தேன்.

பொதுக் காரியம் என்கிறீர்கள். எட்டு வருடம் இல்லாத பொதுக் காரியம் இப்போது என்ன? யாருக்கு?

நஜீர்

பின்குறிப்பு: தளம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் அதைப் புதுப்பித்து வருவதுதான். ஏன் என்று கேட்க வேண்டாம். எனக்கே தெரியாது.


முகப்பேர் மேற்கு
10 மார்ச் 2025

நஜீர்,

நீங்கள் கேட்டது சரி. நான் மறைத்தேன். பொதுக் காரியம் இல்லை. ஸ்டெஃபிக்காக.

உங்களுக்கு அவளை ஏழாம் வகுப்புப் பிள்ளையாகத் தெரியும். கடைக்கு வந்தால் உங்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சுற்றுவாள். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, எட்டாவது மாதம். எங்களுக்கு ஒரே பிள்ளை. நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இயற்கையாகப் பிறக்க வழியில்லை. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் என்கிறார் டாக்டர். அதனால் முன்கூட்டியே இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். 'ஓ' வகைதானே, எங்கும் கிடைக்கும் என்று நினைத்தோம். மூன்று பேருடைய 'ஓ' இரத்தத்தை அவளுடையதோடு சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றும் கட்டிகட்டியாகப் போய்விட்டது.

அவள் 'ஓ' இல்லையாம். 'ஓ' போலத் தெரியும் வேறொன்று. எனக்குப் புரிந்ததை என் வழக்கப்படி ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பேட்ஜ் கொடுப்போம். 'ஏ' அணிக்கு ஒரு பேட்ஜ், 'பி' அணிக்கு ஒரு பேட்ஜ். 'ஓ' அணியினரின் சட்டையில் பேட்ஜ் கிடையாது, ஆனால் பேட்ஜைக் குத்தும் ஊக்கு இருக்கும். ஸ்டெஃபியின் சட்டையில் அந்த ஊக்குகூட இல்லை. அதனால் ஊக்கோடு வரும் 'ஓ' இரத்தத்தைக் கூட அவள் உடம்பு அந்நியன் என்று விரட்டுகிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இப்படி. அவளைப் போன்ற இன்னொருவரின் இரத்தத்தைத்தான் அவளுக்கு ஏற்ற முடியும். பெற்றவர்கள் என்று நானும் செலினும் சோதித்துப் பார்த்தோம். எங்களுடையது பொருந்தாது.

அரிய வகை இரத்தத்துக்காகப் பட்டியல் வைத்திருப்பவர்களிடம் கேட்டோம். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னொருவர் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார்.

ஏப்ரல் ஏழு அறுவை சிகிச்சை. டாக்டர் என்னிடம் சத்தமாக, என் காதுக்காக, இப்படிச் சொன்னார்: "சார், ஒரு யூனிட்டாவது கையில இருந்தாத்தான் நான் தைரியமா கத்தி வைப்பேன்."

நம் பட்டியலில் 'ஓ' என்று எழுதியவர்கள் நானூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் உண்மையில் 'ஓ' இல்லாமல் இருக்கலாம் அல்லவா? சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒவ்வொருவர் காலிலும் விழுவேன்.

திரையில் தெரிந்த முதல் வரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது புரிகிறதா பாருங்கள்:

md;Gs;s

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. மேடையில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்த நேரத்தில் கேட்டால் காரியத்துக்காகக் கேட்பது போலத் தெரியும். தெரியட்டும்.

செபாஸ்டியன்


பூந்தமல்லி
13 மார்ச் 2025

சார்,

அந்த வரியைப் படிக்க எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். 'அன்புள்ள' என்று இருக்கிறது.

நாம் அப்போது பாமினி எழுத்துருவில் அடித்தோம். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டதுதான். m என்ற எழுத்துக்கு அ என்று சட்டை, d என்பதற்கு ன, அரைப்புள்ளிக்கு மெய்யின் மேற்புள்ளி. பழைய பிரவுசர் பக்கத்தைத் திறக்கும்போதே அந்தச் சட்டையையும் கூடவே இறக்கிக்கொள்ளும். புதிய பிரவுசர்கள் இறக்குவதில்லை. அதனால் எழுத்துகள் வெறும் உடம்போடு நிற்கின்றன. மற்றவர்களுக்குத்தான் அது குப்பை. இருபது வருடம் பாமினியில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் அடித்தவன் நான். eP என்று யாராவது எழுதினால் 'நீ' என்று படிப்பேன்.

நீங்கள் முன்பு வகுப்பில் சொல்வீர்களாம், யானைத் துதிக்கை போட்ட பழைய 'லை'யைப் பார்த்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்று. ஸ்டெஃபிதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதுவேதான் இதுவும்.

ஆனால் பட்டியலை எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. தேடும் பெட்டியை அன்று ஒரு சொருகு மென்பொருளில் செய்திருந்தேன். நாலு வருடமாக எந்தப் பிரவுசரும் அதை ஏற்பதில்லை. சரி, பழைய பிரவுசரிலேயே திறப்போம் என்று குமணன்சாவடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெங்கட்டிடம் போனேன். அவன் ஒரு பழைய மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான். "இன்னா மாமே, இத்த போய் கேக்கற? இது இண்டர்நெட்ட பாத்தே பத்து வருசம் ஆவுது" என்றான். போட்டோம். பழைய பிரவுசருக்கு நம் பக்கத்தைப் படிக்கத் தெரியும். ஆனால் தளம் இருக்கும் சர்வர் இப்போது புதிய பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறது, பழைய பிரவுசரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. புதியதை உள்ளே விடுகிறது, அதற்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்ததை உள்ளே விடவில்லை. இரண்டு நாள் இதிலேயே போனது. நோன்புத் தலைவலியோடு வெங்கட்டின் மெஷினை ஓர் அடி அடித்தேன். "அத்த அடிச்சு இன்னா ஆவப் போவுது? குந்து, யோசி" என்றான்.

இன்றுதான் உறைத்தது. பெட்டி ஓடாவிட்டால் என்ன? பெட்டிக்குள் போகும் பெயர்களை நான் ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தேன். புதிய பிரவுசரில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து, அந்தக் கோப்பின் பெயரைப் பிடித்து, முகவரிப் பட்டையில் நேராக அடித்தேன்.

வந்துவிட்டது சார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி. எல்லாம் m-உம் அரைப்புள்ளியும்.

அவற்றைத் தமிழாக்கி, 'ஓ' என்று இருப்பவர்களை மட்டும் பிரித்து அச்செடுத்திருக்கிறேன். நானூற்று முப்பத்தாறு பேர். ஷாகிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் தங்கை வீடு உங்கள் பக்கம்தான்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள். பேசினால் நான் கத்திவிடுவேன், உங்களுக்கும் கேட்காது. எழுதினால் அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஸ்டெஃபிக்கு துஆ செய்கிறேன்.

நஜீர்


முகப்பேர்
18 மார்ச் 2025, காலை

நஜீர்,

ரெனிஷிடம் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டெஃபியின் கணவன். பதில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஸ்டெஃபிக்கு இரத்தம் கசிந்தது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். இப்போது நின்றிருக்கிறது. மறுபடி கசிந்தால் ஏப்ரல் ஏழு வரை காத்திருக்க மாட்டோம் என்கிறார்கள்.

நான்கு நாளாக நானும் செலினும் ரெனிஷும் பட்டியலை மூன்றாகப் பிரித்துக்கொண்டு தேடினோம். எண்கள் எல்லாம் பழைய வீட்டுத் தொலைபேசி எண்கள். நானூற்று முப்பத்தாறில் அறுபத்தொரு பேர்தான் கிடைத்தார்கள். பதினெட்டுப் பேர் வந்து சோதித்துக்கொண்டார்கள். உத்தமன் என்று ஒருவர் ஆவடியிலிருந்து இந்த வெயிலில் சைக்கிளில் வந்தார். பதினெட்டுப் பேரும் சரியான 'ஓ'. ஒவ்வொரு முடிவையும் வாங்கப் போகும்போது செலின் ஜெபமாலையை எடுப்பாள். வெளியே வந்ததும் பையில் வைப்பாள். நேற்றிலிருந்து அதைப் பையில் வைக்கவே இல்லை, கையிலேயே இருக்கிறது.

மீதி முன்னூற்று எழுபத்தைந்து பேரை எங்கே போய்த் தேடுவேன்? என்னால் ஒழுங்காக யோசிக்க முடியவில்லை. நேற்று மருந்துக்கடைக்காரரிடம் ஸ்டெஃபியின் வயதைப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர்கள் இந்த வகையை 'பம்பாய் இரத்தம்' என்றும் சொல்கிறார்கள். முதன்முதலில் அங்கேதான் கண்டுபிடித்தார்களாம். உங்கள் அச்சுப் பட்டியலில் வரி வரியாக விரல் வைத்து, 'பம்பாய்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். அந்தச் சொல்லே இல்லை.

ஏதாவது தோன்றுகிறதா? எதுவாக இருந்தாலும் சரி.

செபாஸ்டியன்


பூந்தமல்லி
அதே நாள், பகல் பதினொன்றரை

சார்,

ரெனிஷ் வாசலில் நிற்கிறார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார். வாயால் சொல்லி அனுப்பக் கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

பம்பாய் என்ற சொல்லை முதல் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கக் கூடாதா?

2005 பொங்கலுக்குப் பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு முகாம் நடந்தது. ஏற்றுமதித் துணிக் கம்பெனிப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் மற்றவர்கள் போன பிறகு என் மேசைக்குத் திரும்பி வந்தாள். "அண்ணா, எனக்கு பம்பாய் ரத்தம்னு புள்ள பெத்தப்போ சொன்னாங்கோ. ரொம்ப அபூர்வமாம். எழுதிக்கோ, யாருக்குனா ஆவும்" என்றாள். நான் வகை என்ற கட்டத்தில் 'பம்பாய்' என்று அடித்தேன்.

அந்த வாரம் நீங்கள் மெய்ப்புப் பார்த்தீர்கள். வழக்கம் போலச் சிவப்பு மையில். அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'இது இரத்த வகை அல்ல, ஊர்' என்று அம்புக்குறி இழுத்து ஊர் என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே 'பம்பாய்' என்பதை அடித்துவிட்டு, 'மும்பை என்பதே இப்போதைய பெயர்' என்று எழுதினீர்கள். காலியான கட்டத்தில் முகாம் சீட்டைப் பார்த்து 'ஓ' என்று போட்டீர்கள்.

நான் சொன்னேன் சார். "அந்தப் பொண்ணு அப்படித்தான் சார் சொல்லிச்சு" என்று சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நஜீர், நீ அடிக்கிறது உன் வேலை, சரியா இருக்கான்னு பாக்கிறது என் வேலை" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. தட்டிக்கொடுத்துத்தான் சொன்னீர்கள். அதனால்தான் இருபது வருடமாக மறக்கவில்லை. மேடையில் நீங்கள் சொன்னது அதற்குப் பிறகு வந்த இரண்டாவது அடி.

என் மேலும் தப்பு இருக்கிறது. பத்து நிமிடம் வாதாடியிருக்கலாம். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திருத்தி அடித்தேன்.

உங்கள் பட்டியலில் பதினேழாம் பக்கத்தைப் பாருங்கள். பார்வதம், வகை: ஓ, ஊர்: மும்பை, முகவரி: திருநின்றவூர் ஏரிக்கரை. மும்பைக்காரி என்று நினைத்து நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள்.

நான் இப்போதே ரெனிஷோடு திருநின்றவூர் போகிறேன். இந்தக் கடிதத்தை ஷாகிதா கொண்டுவருவாள்.

நஜீர்


முகப்பேர்
அதே நாள், மாலை

நஜீர்,

பதினேழாம் பக்கத்தில் அந்த வரி மேல் என் பென்சில் கோடு இருக்கிறது. 'வெளியூர், பிறகு பார்க்கலாம்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியது.

அந்தப் பெண்ணை நான் ஒருவனே இரண்டு முறை மறைத்திருக்கிறேன்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் பாதி மதிப்பெண் தருவேன் என்று. பம்பாய் என்றால் ஊர், அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? உன்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நீ என்று எழுதிவிட்டேன். பழைய வாய். அடித்துத் திருத்தவில்லை.

நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருக்கிறேன். இதை ஷாகிதாவிடமே கொடுக்கிறேன். அவள் டீ வாங்கிக் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டுத்தான் எழுதவிட்டாள். மேடையில் சொன்னதற்கு அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க சார், இப்ப புள்ளைய பாருங்க" என்றாள்.

அந்தப் பார்வதம் உயிரோடு இருக்க வேண்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளுக்காக அல்ல, என் மகளுக்காகத்தான் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

செபாஸ்டியன்


பூந்தமல்லி
24 மார்ச் 2025

சார்,

ரெனிஷ் அவ்வப்போது சொல்லியிருப்பார். இருந்தாலும் முறையாக எழுதுகிறேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஏதாவது வேண்டும்.

ஏரிக்கரை வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வீடு எழும்பிவிட்டது. தெருவில் ஒன்பது வீட்டுக் கதவைத் தட்டினோம். பத்தாவது வீட்டில், "துணிக் கம்பெனி பார்வதமா? ஸ்டேஷனுக்கு அந்தாண்ட இஸ்கூல்ல ஆயா வேல பாக்குது" என்றார்கள்.

பார்வதத்துக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. பள்ளி வாசலில் என்னைக் கண்டதும் அடையாளம் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"ஊருன்ற எடத்துல மும்பைன்னு போட்டீங்களா? நான் அரக்கோணத்தத் தாண்டி எங்கியுமே போனதில்லயே!"

சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "இருவது வருசமா போன் வரும் வரும்னு பாத்துகினு இருந்தேன். யாருக்கும் தேவப்படலன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சு, யாரும் சாவக் கெடக்கலன்னு இருந்தேன்." பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா, எங்க வரணும்?" என்றாள்.

அன்றே அழைத்து வந்தோம். சோதித்தார்கள். அதே வகை. ரெனிஷ் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நிமிடம்தான் சார் அந்தச் சந்தோஷம். பார்வதத்தின் இரத்தத்தில் சத்து ஒன்பதுதான் இருந்தது. பன்னிரண்டரை இருந்தால்தான் எடுப்பார்கள். "எட்த்துக்கோ டாக்டர், எனக்கு ஒண்ணியும் ஆவாது" என்று அந்த அம்மா சண்டை போட்டாள். டாக்டர் அசையவில்லை. மாத்திரை சாப்பிட்டாலும் மூன்று மாதம் ஆகும் என்றார். இது வரை ரெனிஷ் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அப்போது அந்த டாக்டர்தான் கேட்டார், கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கும் இதே வகை இருக்க வாய்ப்பு உண்டு என்று. பார்வதத்துக்கு ஒரு தம்பி. கலியமூர்த்தி. பட்டாபிராமில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் போனோம். எங்கள் மூவரையும் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே, "இன்னாக்கா, கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்க வந்தாப்ல நிக்கறீங்கோ?" என்றார்.

இரத்தம் என்றதும் ஆள் வெளுத்துவிட்டார். "நெருப்புக்குள்ள கைய வுடச் சொல்லு, வுட்றேன். ஊசின்னா ஆவாது அண்ணாத்தே. சின்ன வயசுல ஊசி போட வந்த நர்சம்மாவ கடிச்சவன் நான்."

பார்வதம் அவர் காதைப் பிடித்தாள். ஐம்பது வயது ஆள், பட்டறை ஆட்கள் நாலு பேர் முன்னால். "டேய், எனக்கு வூட்டுக்காரர் போனப்போ கூட நான் உன்கிட்ட ஒண்ணியும் கேக்கல. இப்ப கேக்கறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். இந்து காலேஜ் ரயில்வே கேட்டில் ரயிலுக்காக நின்றபோது இறங்கி ஓடப் பார்த்தார். ரெனிஷ் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய முடிவு இன்று காலைதான் வந்தது. அவருக்கும் அதே வகைதான். சத்து பதினாலு. நாளை மறுநாள் இரத்தம் எடுக்கிறார்கள், மற்றச் சோதனைகள் முடிந்த பிறகு. அதற்குள் அவர் ஓடாமல் இருக்க பார்வதம் அவர் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள்.

நம் பட்டியலில் கலியமூர்த்தி என்று யாரும் இல்லை சார். தேடிப் பார்த்தேன்.

நஜீர்


முகப்பேர் மேற்கு
2 ஏப்ரல் 2025

md;Gs;s நஜீர்,

சரியாக எழுதியிருக்கிறேனா? நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்து பழகியது. நீ எழுதிக் கொடுத்த பாமினி அட்டவணையைச் செலினின் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். காது கேட்காதவனுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

பெருநாள் வாழ்த்து இரண்டு நாள் தாமதமாக வருகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

முப்பதாம் தேதி காலை ஒன்பதேகால் மணிக்கு மறுபடி கசியத் தொடங்கியது. இந்த முறை நிற்கவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டெஃபி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. 'என்னம்மா?' என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. அடுத்த இரண்டு மணி நேரம், அவள் சொன்னது என்ன என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க என்னால் முடியவில்லை. அதுவே கடைசியாக இருந்தால், கடைசி வார்த்தையைக் கூடத் தவறவிட்ட அப்பன் நான்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். என் காதில் பேசவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, என் உள்ளங்கையில் எழுதினார். 'பெண். இருவரும் நலம்.'

அந்த ஒரு யூனிட் முழுவதும் போயிற்றாம், கடைசிச் சொட்டு வரை.

கலியமூர்த்தி வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே வந்தால் மருந்து வாசனைக்கு மயக்கம் வரும் என்றாராம். உள்ளங்கையைக் காட்டினேன். படித்துவிட்டு, "என் ரத்தமா உள்ள ஓடுது? ஐயோ, அந்தப் பொண்ணுக்கு இனிமே ஊசின்னா பயம் வரப் போவுது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பார்வதம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். அவளுடைய சத்து மாத்திரையை நான் தினமும் நினைவுபடுத்துகிறேன். "வாத்தியார் தொல்ல தாங்கல" என்கிறாளாம்.

ஸ்டெஃபியிடம் நேற்றுத்தான் கேட்டேன், கதவு மூடும்போது என்ன சொன்னாய் என்று. காகிதத்தில் எழுதிக் காட்டினாள். 'செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்கப்பா.' குனிந்து பார்த்தேன். மூன்று நாளாக அப்படியேதான் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் எந்தப் பிரவுசரிலும் திறக்கும் எழுத்துக்கு நீ மாற்றப்போவதாக ரெனிஷ் சொன்னான். மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் வருகிறேன். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு, கேள்விகளோடு வருகிறேன். நீ பதில் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். கத்தினாலும் பரவாயில்லை.

வேலையை நான் தொடங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே ஒரு வரி. நீ 2005இல் அடித்ததை அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிடு.

பெயர்: ghh;tjk;
வகை: gk;gha;
ஊர்: திருநின்றவூர்

செபாஸ்டியன்